கோம்லா டூமோர்: உலகச் செய்தியை அக்ராவின் குரலில் சொன்னவர்

செய்தி மேசைகளுக்கு 2011ஆம் ஆண்டு மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை. ஏப்ரல் 29 அன்று லண்டனில் இளவரசர் வில்லியமின் திருமணம். ஜூலை 22 அன்று நார்வேயில் ஆண்டர்ஸ் பிரெய்விக் குண்டு வைத்தும் சுட்டும் 77 பேரைக் கொன்றான். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காசாவில் சிறைப்பட்டுக் கிடந்த இஸ்ரேலியச் சிப்பாய் கிலாத் ஷாலித், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனக் கைதிகளுக்கு ஈடாக அக்டோபரில் விடுவிக்கப்பட்டார். டிசம்பர் 19 அன்று வட கொரியத் தலைவர் கிம் ஜாங் இல் இறந்த செய்தி வந்தது. இந்த நான்கு நிகழ்வுகளையும் பிபிசி வேர்ல்டு நியூஸ் சேனலில் நேரலையாக வழங்கியவர்களில் கானா நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். ஆறடிக்கும் மேல் உயரம், கனத்த குரல், எளிதில் மலரும் சிரிப்பு. பெயர் கோம்லா அஃபேக்கே டூமோர்.

ஆப்பிரிக்கச் செய்தியை ஆப்பிரிக்கர் வாசிப்பது பிபிசிக்குப் புதிதில்லை. ஆப்பிரிக்காவுக்கான வானொலிப் பிரிவில் அது பல பத்தாண்டுகளாக நடந்து வந்ததுதான். டூமோர் அதற்கு அடுத்த படியில் கால் வைத்தார். நார்வேயின் துக்கத்தையும் அரச குடும்பத்துக் கல்யாணத்தையும் கொரியாவின் பதற்றத்தையும் கானாவின் தலைநகர் அக்ராவில் வளர்ந்த ஒருவர், அக்ராவில் பேசிய அதே உச்சரிப்போடு உலகத்துக்குச் சொன்னார். ஆப்பிரிக்காவின் குரல் என்று அவரை இன்று எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். சரிதான். ஆனால் ஆப்பிரிக்கர் ஒருவர் உலகத்தின் செய்தியையும் சொல்லலாம் என்பதைத் தினசரி வழக்கமாக்கியதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். அந்த இடத்துக்கு அவர் வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால், லண்டனைவிட அக்ராவின் பங்கே அதில் அதிகம்.

அவர் பிறந்தது 1972 அக்டோபர் 3, செவ்வாய்க்கிழமை. கானாவில் வாழும் எவே மக்கள் செவ்வாய்க்கிழமை பிறக்கும் ஆண் பிள்ளைக்கு வைக்கும் பெயர் கோம்லா. அப்பா சமூகவியல் பேராசிரியர். தாத்தா ஃபிலிப் பெஹோ, கானாவின் தேசிய கீதத்துக்கு இசையமைத்தவர். 1957 மார்ச் 6 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாட்டுக்கு இசை தந்த குடும்பம். படிப்பும் பேச்சும் இசையும் உள்ள வீடு என்று சொல்லலாம்.

நாடு மட்டும் அவ்வளவு நிம்மதியாக இல்லை. அவர் பிறந்த ஆண்டின் ஜனவரியில்தான் கர்னல் அச்சம்போங் ராணுவப் புரட்சி நடத்தி ஆட்சியைப் பிடித்திருந்தார். 1979இல் விமானப்படை அதிகாரி ஜெர்ரி ராலிங்ஸ் முதல்முறை அதிகாரத்துக்கு வந்தார். 1981 டிசம்பர் 31 அன்று இரண்டாம் முறை. 1983 இன்னும் மோசம். வறட்சி, காட்டுத்தீ, உணவுப் பஞ்சம். போதாக்குறைக்கு, வேலை தேடிப் போயிருந்த லட்சக்கணக்கான கானாக்காரர்களை நைஜீரியா அந்த ஆண்டு வெளியேற்றியது. கிடைத்த கட்டம் போட்ட பைகளில் துணிமணிகளை அடைத்துக்கொண்டு அவர்கள் எல்லையில் காத்துக் கிடந்தார்கள். அந்தப் பைக்கு 'கானா மஸ்ட் கோ' (கானா போயாக வேண்டும்) என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் இன்றும் அந்தப் பெயரில்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

அப்போது டூமோருக்குப் பத்து வயது. அதே நைஜீரியாவுக்கு அவர் பின்னாளில் மாணவராகப் போனார். நாட்டின் நடுப்பகுதியில், பீடபூமியில் அமைந்த ஜோஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்புக்கு அடிப்படையான பாடங்களில் சேர்ந்தார். டாக்டராக வேண்டும் என்பது கனவு. அது நிறைவேறவில்லை. ஊர் திரும்பி, கானா பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் உளவியலும் படித்துப் பட்டம் வாங்கினார். மருத்துவத்தை விட்டு வருவது எவ்வளவு பெரிய இறக்கமாகப் பார்க்கப்படும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் ஊர் திரும்பிய காலம், கானாவில் பேச்சுக்கு விலை ஏறத் தொடங்கிய காலமாக அமைந்தது.

மௌனம் உடைந்த ஆண்டுகள்

கானாவின் 1980களை அந்த ஊர்க்காரர்கள் 'மௌனக் கலாசாரம்' என்று சொல்வார்கள். ராலிங்ஸின் ராணுவ ஆட்சியில் வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் கையில். அரசு ஒலிபரப்பின் தொடக்கம் 1935 ஜூலை 31. ஸ்டேஷன் ஸோய் என்ற பெயரில் காலனி அரசு தொடங்கியது அது. முதலில் அங்கே முக்கியமாக மறு ஒலிபரப்பானதே பிபிசியின் நிகழ்ச்சிகள்தான். அதே ஜூலை 31 அன்று 1965இல் தொலைக்காட்சியும் வந்தது. செய்தி வாசிப்பு என்றால் லண்டன் மாதிரி நிமிர்ந்து, இறுக்கமாக, சிரிக்காமல் வாசிப்பது என்ற பழக்கம் அப்படி வேர்விட்டது. நேயர் கேட்பார், பதில் பேச மாட்டார்.

1992இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. அதன் 12ஆம் அத்தியாயம் முழுக்க ஊடகச் சுதந்திரத்துக்கானது. தனியார் ஊடகம் தொடங்க உரிமம் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லக் கூடாது என்று 162ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது. எழுதியதோடு சரி, தனியார் வானொலிக்கு அலைவரிசை கிடைத்தபாடில்லை. சார்ல்ஸ் வெரெக்கோ-பிராபி என்ற அரசியல்வாதியும் அவருடைய கூட்டாளிகளும் 1994இல் ரேடியோ ஐ என்ற பெயரில் அனுமதி இல்லாமலே ஒலிபரப்பத் தொடங்கினார்கள். அரசியல் சட்டம் தரும் உரிமைக்குத் தனி அனுமதி எதற்கு என்பது அவர்கள் வாதம். டிசம்பர் 3 அன்று போலீஸ் நுழைந்து கருவிகளை அள்ளிக்கொண்டு போனது. அக்ராவில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே அரசு இறங்கிவந்து தனியாருக்கு எஃப்எம் அலைவரிசைகளைக் கொடுத்தது.

அப்படி 1995இல் வந்ததுதான் ஜாய் எஃப்எம், 99.7 மெகாஹெர்ட்ஸ். குவாசி டும் என்ற தொழில்முனைவர் தொடங்கியது. ஆங்கிலத்தில் பேசும் நகரத்து நிலையம். பாட்டு, விளம்பரம், செய்தி, நேயர் அழைப்பு. அதன் பின்னால் நிலையங்கள் வரிசையாக முளைத்தன. உள்ளூர் மொழியான ட்வியில் பேசும் பீஸ் எஃப்எம் முதலானவை வந்ததும் வானொலி படித்தவர் வட்டத்தைத் தாண்டிச் சந்தைக்கும் பட்டறைக்கும் போயிற்று. ட்ரோட்ரோ என்று சொல்லப்படும் வாடகை வேன்களில் காலை நேரத்தில் ஓட்டுநர் வைப்பதுதான் நிலையம், பயணிகள் பேசுவதுதான் விவாதம் என்று ஆனது. ஒரே நாளில் பல நிலையங்களுக்கு விடாமல் போன் போட்டுக் கட்சிக்காக வாதாடும் ஆட்களும் உருவானார்கள். கானாவில் அவர்களுக்கு 'சீரியல் காலர்' என்று பெயரே இருக்கிறது.

இந்த வானொலிகளின் உண்மையான பலம் 2000 டிசம்பர் தேர்தலில் தெரிந்தது. வாக்குச் சாவடிகளில் எண்ணிக்கை முடிந்த கையோடு நிருபர்கள் கைப்பேசியில் எண்களைச் சொல்ல, நிலையங்கள் அவற்றை உடனே ஒலிபரப்பின. ஊரே கேட்ட எண்ணை வழியில் யாரும் மாற்ற முடியாது. டிசம்பர் 28 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் எதிர்க்கட்சியின் ஜான் குஃபுவர் வென்றார். கானாவில் ஒரு கட்சியிடமிருந்து மற்றொன்றுக்கு வாக்குச்சீட்டால் ஆட்சி மாறியது அதுதான் முதல்முறை. அடுத்த ஆண்டே, எழுதியதற்காகப் பத்திரிகையாளரைச் சிறையில் தள்ள உதவிய கிரிமினல் அவதூறுச் சட்டத்தைப் புதிய அரசு நீக்கியது.

டூமோரின் தொழிற்பள்ளி இந்தச் சூழல்தான். அவரை உருவாக்கியது பிபிசி என்று சொல்பவர்கள் இந்தப் பத்தாண்டை மறந்துவிடுகிறார்கள்.

மோட்டார் சைக்கிளில் தொடங்கியது

ஜாய் எஃப்எம்மில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை போக்குவரத்து நிலவரம் சொல்வது. மோட்டார் சைக்கிளில் ஊரைச் சுற்றி, எந்தச் சாலை அடைத்துக்கொண்டிருக்கிறது, எந்த வழியாகப் போனால் தப்பிக்கலாம் என்று நேரலையில் சொல்ல வேண்டும். அக்ராவின் காலை நெரிசல் பெயர் பெற்றது. இங்ருமா சர்க்கிள் ரவுண்டானாவையும் கனேஷி சந்தையையும் காலை ஏழரை மணிக்குக் கடப்பவருக்குப் பொறுமை வேண்டும். தலையில் கூடை வைத்துத் தண்ணீர்ப் பாக்கெட் விற்பவர்கள், இருபது பேரை ஏற்றிக்கொண்டு கதவில் தொங்கியபடி ஊர்ப் பெயரைக் கத்தும் ட்ரோட்ரோ உதவியாளர்கள், நடுவே ஓர் அமைச்சரின் கார் வரிசை.

சின்ன வேலை மாதிரி தெரியும். ஆனால் செய்தி சொல்பவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. எழுதி வைத்த தாள் இல்லை. பார்ப்பதைச் சொல்ல வேண்டும். கேட்பவர் அந்தச் சாலையிலேயே உட்கார்ந்திருக்கிறார், தப்பாகச் சொன்னால் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். முப்பது நொடியில் முடிக்க வேண்டும், அதிலும் ஒரு சிரிப்பு வரவழைத்தால் நாளையும் கேட்பார்கள். தொலைக்காட்சியில் பின்னாளில் அவர் காட்டிய சரளம் இந்தத் தெருக்களில் கற்றது.

அங்கிருந்து காலை நிகழ்ச்சியான சூப்பர் மார்னிங் ஷோவுக்கு உயர்ந்தார். அக்ராவின் அலுவலகம் போகும் கூட்டம் முழுவதும் கேட்கும் நேரம் அது. அமைச்சர், எதிர்க்கட்சிக்காரர், வங்கித் தலைவர், பேராசிரியர் என எல்லோரும் அந்த ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்தார்கள். ராலிங்ஸ் காலத்து மௌனத்தை நினைவில் வைத்திருக்கும் ஒரு தலைமுறைக்கு, அமைச்சரிடம் முப்பது வயது இளைஞர் ஒருவர் நேருக்கு நேர் கணக்குக் கேட்பதே பெரிய விஷயம். நேயர்கள் அவருக்கு 'பாஸ் பிளேயர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 2003ஆம் ஆண்டுக்கான சிறந்த பத்திரிகையாளர் விருதைக் கானா பத்திரிகையாளர் சங்கம் அவருக்கு அளித்தது. இடையில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

அந்தக் காலை நேர நாற்காலியின் செல்வாக்கைச் சொல்ல ஒரு தகவல் போதும். டூமோர் போன பிறகு அதே நிகழ்ச்சியை நடத்திய கோஜோ ஓப்போங் இங்ருமா பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகி, தகவல் துறை அமைச்சரும் ஆனார்.

உச்சரிப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஃப்எம் வந்த புதிதில் கானா அறிவிப்பாளர்கள் பலர் அமெரிக்கர் மாதிரியோ லண்டன்காரர் மாதிரியோ பேச முயன்றார்கள். ஊரை விட்டு வெளியே போகாதவர்கூட மூக்கால் பேசினார். கேட்டவர்கள் அதற்கு 'லாஃபா' என்று பெயர் வைத்தார்கள், அதாவது உள்ளூரிலேயே வாங்கிய வெளிநாட்டு உச்சரிப்பு. டூமோர் நல்ல ஆங்கிலம் பேசினார், ஆனால் கானாக்காரர் பேசும் ஆங்கிலமாகவே பேசினார். அக்ராவில் அப்படிப் பேசுவதற்குப் பெரிய துணிச்சல் தேவையில்லை. லண்டனில், உலக சேனலில் அதை மாற்றாமல் வைத்துக்கொள்ளத் தேவைப்பட்டது. மாற்றினால் வேலை எளிதாகும் என்ற நெருக்கடியை வேறு ஊரில் போய் மைக் முன்னால் உட்காரும் யாரும் அறிவார்கள்.

புஷ் ஹவுஸ்

2006இல் பிபிசி உலக சேவையின் ஆப்பிரிக்கப் பிரிவுக்கு வந்தார். லண்டன் ஸ்டிராண்டு வீதியில் இருந்த புஷ் ஹவுஸ் கட்டடம்தான் அப்போது உலக சேவையின் தலைமையிடம். டஜன் கணக்கான மொழிகள் ஒரே கூரையின் கீழ். நம் தமிழோசையும் அங்கிருந்துதான் பல பத்தாண்டுகள் ஒலித்தது. ஆப்பிரிக்கப் பிரிவின் நெட்வொர்க் ஆப்பிரிக்கா, கண்டத்தின் காலை நேர நிகழ்ச்சி. 2009 வரை அவர் அதை நடத்தினார். அக்ராவில் ஒரு நகரத்தை எழுப்பிக்கொண்டிருந்தவர், இப்போது டக்கார் முதல் நைரோபி வரை எழுப்பினார்.

கேட்பதற்கு ஒரே வேலைதான். ஆனால் நேயர் மாறிவிட்டார். அக்ராவில் ஒரு அமைச்சரின் பெயரைச் சொன்னால் போதும், அவர் என்ன செய்தார் என்று எல்லோருக்கும் தெரியும். கண்டம் முழுவதற்கும் பேசும்போது ஜாம்பியாவின் செய்தி செனகல்காரருக்குப் புரிய வேண்டும், அதே நேரம் ஜாம்பியாக்காரருக்குச் சலிப்புத் தட்டவும் கூடாது. உலக சேனலுக்குப் போனால் இன்னும் சிக்கல், அங்கே ஜாம்பியா எங்கே இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். நெட்வொர்க் ஆப்பிரிக்காவிலிருந்து உலகம் முழுவதுக்கும் போகும் தி வேர்ல்டு டுடே வானொலி நிகழ்ச்சிக்கும், பிறகு தொலைக்காட்சிக்கும் அவர் படிப்படியாக நகர்ந்ததில் இந்தப் பயிற்சிதான் நடந்தது.

பஞ்சமும் போரும் தாண்டி

2009இல் பிபிசி வேர்ல்டு நியூஸ் சேனலில் ஆப்பிரிக்கா பிசினஸ் ரிப்போர்ட் தொடங்கியது. அதன் முதல் தொகுப்பாளர் டூமோர். அந்த நிகழ்ச்சி ஏன் அப்போது வந்தது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1984 அக்டோபரில் எத்தியோப்பியாவின் கொரெம் முகாமிலிருந்து பிபிசி ஒளிபரப்பிய பஞ்சக் காட்சிகள் உலகையே உலுக்கின. உதவி குவிந்தது, பல உயிர்கள் தப்பின. கூடவே ஒரு கண்டத்தின் முகமாக ஒட்டிய வயிறும் ஈ மொய்க்கும் குழந்தையும் நிலைத்துவிட்டன. பத்தாண்டு கழித்து ருவாண்டா இனப்படுகொலை, சியரா லியோனின் போர். 2000 மே மாதம் லண்டனின் தி எகானமிஸ்ட் இதழ், நம்பிக்கைக்கு இடமில்லாத கண்டம் என்று ஆப்பிரிக்காவை அட்டையிலேயே எழுதியது. அதே இதழ் 2011 டிசம்பரில் ஆப்பிரிக்கா எழுகிறது என்று இன்னோர் அட்டை போட்டது. பதினோரு ஆண்டில் ஒரு கண்டம் தலைகீழாக மாறிவிடுமா? முதல் அட்டை வந்த ஆண்டில்தான் கானாவில் தேர்தலால் ஆட்சி மாறியது. அட்டைகள் மாறின அளவுக்கு ஆட்களின் வாழ்க்கை மாறவில்லை. இரண்டுமே மிகை என்பது என் கருத்து.

இந்த இரண்டு மிகைகளுக்கும் நடுவில் டூமோரின் நிகழ்ச்சி வந்தது. சொல்வதற்கு நிறைய இருந்தது. கென்யாவில் 2007இல் எம்-பெசா வந்து, வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் கைப்பேசியில் பணம் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அதே ஆண்டு கானாவின் கடலில் ஜூபிலி எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது, 2010 டிசம்பரில் எண்ணெய் வந்தது. சீன நிறுவனங்கள் சாலையும் அணையும் கட்டிக்கொண்டிருந்தன. இவற்றைப் பரபரப்பாகவும் இல்லாமல் பெருமையடிப்பாகவும் இல்லாமல், தொழில் செய்திகளாகவே சொல்வதுதான் அந்த நிகழ்ச்சியின் வேலை. எந்த நாட்டில் எண்ணெய் கிடைத்தாலும் யாருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கும் புத்தி அவருக்குக் காலை வானொலியிலிருந்தே இருந்தது. பில் கேட்ஸ், கோஃபி அன்னான் போன்றவர்களையும் அவர் பேட்டி கண்டார்.

இந்தச் சேனலின் இயல்பையும் சொல்ல வேண்டும். பிரிட்டனுக்கு வெளியே பார்க்கப்பட்ட பிபிசி வேர்ல்டு நியூஸ், விளம்பரத்திலும் சந்தாவிலும் ஓடியது. விமான நிலையம், ஓட்டல் அறை, வசதியுள்ள வீடு, முதலீட்டாளர் அலுவலகம் என அதன் பார்வையாளர்கள் பெரும்பாலும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள். ஆப்பிரிக்கக் கிராமத்தில் பெரும்பாலோருக்கு அது எட்டாது, அங்கே வானொலிதான். ஆகவே டூமோரின் தொலைக்காட்சிப் பணி ஆப்பிரிக்கப் பெருந்திரளுக்குப் போன செய்தி என்று சொல்ல மாட்டேன். ஆப்பிரிக்காவைப் பற்றி வெளியிலிருந்து முடிவெடுப்பவர்கள் தினமும் பார்க்கும் திரையில் அவர் இருந்தார். அதன் மதிப்பு வேறு வகை.

2012 ஜூனில் ஃபோகஸ் ஆன் ஆப்பிரிக்கா தொலைக்காட்சிக்கு வந்தது. அந்தப் பெயர் ஆப்பிரிக்காவில் பிரபலம். 1960இலிருந்து வானொலியில் ஒலித்து வந்த நிகழ்ச்சி அது. கண்டம் விடுதலை அடைந்துகொண்டிருந்த ஆண்டு 1960, அந்த ஓர் ஆண்டில் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. நாட்டில் என்ன நடக்கிறது என்று சொந்த நாட்டு வானொலி சொல்லாதபோது, சாயங்காலம் சிற்றலையைத் திருப்பி இதைக் கேட்ட தலைமுறைகள் உண்டு. அந்தப் பெயரைத் திரையில் சுமக்கும் முதன்மைத் தொகுப்பாளராக டூமோர் வந்தார். உலகச் செய்தியின் காலை நேரப் பகுதிகளையும் வழங்கிக்கொண்டிருந்தார்.

மேசைக்குப் பின்னால்

செய்தி வாசிப்பவர் திரையில் ஓடும் எழுத்தைப் படிக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவு செய்த செய்தி அறிக்கைகளுக்கு முன்னுரை சொல்லும்போது அது உண்மை. ஒரு பெரிய செய்தி வெடிக்கும்போது எழுத்து இருக்காது. காதில் மாட்டிய சிறு கேட்பொறி வழியே தயாரிப்பாளர் பேசிக்கொண்டே இருப்பார். செய்தி நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஆஸ்லோ லைன் கிடைக்கவில்லை, இன்னும் நாற்பது நொடி சமாளியுங்கள்." வாசிப்பவர் அதைக் கேட்டுக்கொண்டே, முகத்தில் எதையும் காட்டாமல், இதுவரை உறுதியானது எது, உறுதியாகாதது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பிறகு லைன் கிடைத்ததும், பேரதிர்ச்சியில் இருக்கும் ஒருவரிடம் பொருத்தமான முதல் கேள்வியைக் கேட்க வேண்டும்.

நார்வே சம்பவத்தின் முதல் சில மணி நேரங்களில், இது இஸ்லாமியத் தீவிரவாதிகளின் வேலையாக இருக்கும் என்று நிபுணர்கள் பலர் ஊடகங்களில் ஊகித்தார்கள். கொன்றவன் நார்வேக்காரன், வலதுசாரி இனவெறியன் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் தெரிந்ததை மட்டும் சொல்லி நிற்பதுதான் வாசிப்பவரின் நிஜமான தேர்வு. தெரு நெரிசலை நேரலையில் சொல்லிப் பழகியவருக்கு, பார்க்காததைச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும்.

இன்னொன்று, பெயர்கள். ஆப்பிரிக்கப் பெயர்களை டூமோர் தடுமாறாமல், உரியவர் சொல்கிறபடி சொல்ல முயல்வார். உலகச் செய்தி கேட்கும் ஓர் ஆப்பிரிக்கருக்குத் தன் ஊர்த் தலைவரின் பெயர் சிதையாமல் வருவது மரியாதை. தன் பெயரை வெளிநாட்டு விமான நிலையத்தில் சிதைத்துக் கூப்பிடக் கேட்ட தமிழருக்கு இது நன்றாகப் புரியும்.

ஒரே அரங்கம், இரண்டு நாட்கள்

2010இல் ஆப்பிரிக்க மண்ணில் முதல்முறையாக உலகக் கோப்பை கால்பந்து நடந்தது. அதைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வழங்கிய பிபிசி குழுவில் டூமோரும் இருந்தார். போட்டியை நடத்திய தென்னாப்பிரிக்கா முதல் சுற்றிலேயே வெளியேற, மிச்சமிருந்த ஒரே ஆப்பிரிக்க அணி கானா. கண்டமே கானாவைச் சொந்த அணியாக எடுத்துக்கொண்டது. ஜூலை 2 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் சாக்கர் சிட்டி அரங்கில் உருகுவேயுடன் காலிறுதி. கூடுதல் நேரத்தின் கடைசித் தருணத்தில், வலைக்குள் போகவிருந்த பந்தை லூயிஸ் சுவாரெஸ் கையால் தட்டிவிட்டார். பெனால்டி. அசமோவா ஜியான் அடித்தது மேல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. பெனால்டி முறையில் கானா தோற்றது. ஓர் ஆப்பிரிக்க நாடு அரையிறுதியைத் தொட இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள், மொராக்கோ வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

2013 டிசம்பர் 5 அன்று நெல்சன் மண்டேலா மறைந்தார். 10ஆம் தேதி மழையில் நனைந்தபடி உலகத் தலைவர்கள் கூடிய அஞ்சலிக் கூட்டம் நடந்ததும் அதே அரங்கில்தான். 15ஆம் தேதி சொந்த ஊரான குனுவில் அடக்கம். அந்த இறுதி நிகழ்வுகளின் நேரலையை பிபிசிக்காக வழங்கியவர்களில் டூமோர் முக்கியமானவர். உலகமே பார்த்த ஆப்பிரிக்க நிகழ்வு ஒன்றை உலக சேனலில் ஓர் ஆப்பிரிக்கர் எடுத்துச் சொன்னார். துக்க வீட்டின் முறைகள், முதியவரைப் பற்றிப் பேசும்போது வரும் அடக்கம், பாட்டும் ஆட்டமுமாக வழியனுப்பும் வழக்கம் எதையும் வேடிக்கை போலக் காட்டாமல் சொல்லத் தெரிந்தவர் அந்த இடத்தில் இருந்தது நல்லதாயிற்று. அந்த ஆண்டு நியூ ஆப்பிரிக்கன் இதழ் வெளியிட்ட, செல்வாக்கு மிக்க நூறு ஆப்பிரிக்கர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

ஒரு மாதம் போனது. 2014 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை, வழக்கம்போல் திரையில் வந்தார். மறுநாள் லண்டன் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 41. மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள். கானாவின் சிறந்த தூதர்களில் ஒருவரை நாடு இழந்துவிட்டது என்று அன்றைய அதிபர் ஜான் மஹாமா எழுதினார். பிப்ரவரியில் அக்ராவில் இறுதிச் சடங்கு நடந்தது. ஜாய் எஃப்எம்மின் நேயர்களுக்கு, பிபிசியின் தொகுப்பாளர் என்பதைவிட, காலையில் எழுப்பிய 'பாஸ் பிளேயர்' போய்விட்ட துக்கம்.

அதற்கு அப்புறம்

ஆப்பிரிக்கா என்பது 54 நாடுகள். அந்த ஐம்பத்து நாலுக்கும் ஒரே முகம் என்று ஒருவர் தலையில் வைப்பது அவருக்கும் பாரம், நாடுகளுக்கும் அநியாயம். டூமோர் இறந்தபோது அந்த இடைவெளி அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததற்கு அவருடைய திறமை ஒரு காரணம், அவரைப் போன்றவர்களை அத்தனை குறைவாகவே அந்த மேசையில் அமர வைத்திருந்தது இன்னொரு காரணம். இரண்டாவதைச் சரிசெய்ய பிபிசி ஓரளவு முயன்றது. 2015 முதல் கோம்லா டூமோர் விருது வழங்கப்படுகிறது. ஆப்பிரிக்காவில் இருந்து பணியாற்றும் ஒருவர் தேர்வாகி, மூன்று மாதம் லண்டன் செய்தி அறையில் வேலை செய்வார், பிறகு ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்குப் போய்ச் செய்தி தயாரிப்பார்.

முதல் விருது உகாண்டாவின் நான்சி கச்சுங்கிராவுக்கு. அடுத்து நைஜீரியாவின் டிடி அக்கின்யெலூரே. 2019இல் உகாண்டாவின் சாலமன் செர்வாஞ்சா, அரசு மருத்துவமனை மருந்துகள் திருட்டுப் போய் விற்பனையாவதை அம்பலப்படுத்தியவர். 2023இல் விருது டூமோரின் சொந்த நாட்டுக்கே வந்தது, டிவி3 நிலையத்தின் வணிகச் செய்தியாளர் பா குவேசி அசாரேவுக்கு.

2018இல் விருது பெற்ற கென்யாவின் வைஹிகா முவாவுரா பின்னாளில் பிபிசியில் சேர்ந்து, டூமோர் தொடங்கிவைத்த அதே ஃபோகஸ் ஆன் ஆப்பிரிக்கா தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொகுப்பாளரானார். 2022 செப்டம்பரில் உலக சேவை பெரிய செலவுக் குறைப்பை அறிவித்தது. பல மொழிகளின் வானொலி ஒலிபரப்பு நின்றது, நூற்றுக்கணக்கானோர் வேலை போனது. அதே அறிவிப்பில், இந்த நிகழ்ச்சியை லண்டனிலிருந்து நைரோபிக்கு மாற்றும் முடிவும் இருந்தது. சிக்கனத்துக்காக எடுத்த முடிவுதான். ஆனாலும் ஆப்பிரிக்கச் செய்தி இப்போது ஆப்பிரிக்க நகரம் ஒன்றிலிருந்து உலக சேனலுக்குப் போகிறது. ஆஸ்லோவில் ஏதாவது நடந்தால் அந்தச் செய்தியை யார் வாசிக்கப்போகிறார் என்பதுதான் இனி நான் கவனிக்கும் கேள்வி.